அடித்தட்டு என்னும் சாசனம்: திரைப்பட ஊர்திகளின் வார்ப்புப் பொம்மைகளும் தோட்டத் தமிழர் வரலாறும் – ரஹாங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் நாள்தோறும் புழங்கிய எளிய பொருள்கள் சான்றுகளின் வரிசையில் பின்தள்ளப்படுகின்றன. அவற்றுள்ளும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்குக் கடைசி இடமே கிடைக்கின்றது. பேரரசர்களின் மெய்க்கீர்த்தியைச் சொல்லுக்குச் சொல் ஆராயும் நாம், நம் வீட்டுக் குழந்தை உருட்டும் பொம்மை மகிழுந்தின் அடியில் என்ன எழுதியிருக்கின்றது என்று திருப்பிப் பார்ப்பதில்லை.

புகழ்பெற்ற திரைப்படங்களில் இடம்பெற்ற ஊர்திகளைச் சிறிய அளவில் உலோகத்தில் வார்த்து விற்கும் வழக்கம் 1960களில் இங்கிலாந்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது. அக்காலப் பொம்மைகளைத் தேடிச் சேகரிப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர், மலேசியாவிலும் உள்ளனர். இச்சேகரிப்பு பெரும்பாலும் இளமை நினைவு சார்ந்த பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றது. ஆயின், இப்பொம்மைகளின் வரலாற்றுள் மலாயாவின் ரப்பரும், தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறையின் தொழிற்சாலை உழைப்பும் கலந்துள்ளன. இவ்விரண்டு வரலாறுகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெகிரி செம்பிலான் மாநிலத்தில், இன்று சிரம்பான் மாநகருள் அடங்கிவிட்ட ரஹாங் பகுதியையும் அதனைச் சூழ்ந்திருந்த தோட்டங்களையும் நம் பார்வைக்குரிய இடமாகக் கொள்கின்றோம்.

1. தமிழ் மரபில் சிறுதேர்

பெரிய ஊர்தியைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையில் கொடுக்கும் வழக்கம் மிகப் பழைமையானது. சிந்துவெளி அகழாய்வுகளில் சுடுமண்ணாலான சிறு வண்டிகள் பல கிடைத்துள்ளன. சங்க இலக்கியம் இவ்வழக்கத்தை மூன்று வேறுபட்ட சூழல்களில் நமக்குக் காட்டுகின்றது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வச் சிறுவர் குதிரை பூட்டாத முக்காற் சிறுதேரை உருட்டி விளையாடுகின்றனர். உலரும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் வீசிய பொற்குழை அத்தேரின் வழியைத் தடுக்கின்றது. அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தச்சச் சிறுவரும் விரும்பும் வண்ணம் செய்யப்பட்ட, ஏறி ஊரமுடியாத தேரைக் குழந்தைகள் உருட்டிக் களைக்கின்றனர். குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் பாடல் ஒன்று (பாடல் 61) இச்சிறுதேரை உவமையாகவே ஆள்கின்றது. தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்து இன்புறும் சிறாரைப் போலத் தலைவனுடைய நட்பாலேயே மகிழ்வதாகத் தோழி கூறுகின்றாள்.

இவ்வுவமை நம் ஆய்வுப் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. திரையில் ஓடிய ஊர்தியை வாங்கவோ அதில் ஏறவோ எவராலும் இயலாது. அதன் சிற்றுருவைக் கையில் எடுத்து உருட்டலாம். எட்டாத ஒன்றைக் கைக்குள் அடக்கும் இன்பத்தையே வார்ப்புப் பொம்மைத் தொழில் விற்றது. அவ்வின்பத்தின் இயல்பைச் சங்கப் புலவர் முன்னரே அறிந்திருந்தார்.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் ஆண்பாற் பருவங்களின் நிறைவில் சிறுதேர் உருட்டலை வைத்தது. சூத்திரகரின் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்னும் பெயரில் தமிழாக்கினார். அந்நாடகத்தில், அண்டை வீட்டுச் செல்வச் சிறுவனின் பொன்தேரோடு விளையாடிவிட்டு வந்த வறிய வீட்டுப் பிள்ளை, தனக்குக் கிடைத்த மண்தேரை ஏற்க மறுத்து அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அந்த மண்தேரை நிரப்புகின்றாள். பொன்தேர், மரத்தேர், மண்தேர் என்னும் இவ்வேறுபாடு ஒரு பொம்மை எவருடைய வீட்டில் இருக்கின்றது என்பதைப் பொறுத்தது. தோட்டப்புறத்தை ஆராயும்போது இவ்வேறுபாட்டை மீண்டும் காண்போம்.

2. வார்ப்புத் தொழிலும் திரையும்

உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்திக் குளிரச் செய்வது வார்ப்புத் தொழிலின் அடிப்படை. பொம்மைகளுக்குப் பயன்படும் உலோகம் துத்தநாகத்துடன் அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றைச் சிறிய அளவில் சேர்த்த கலவை. ‘சாமாக்’ என்பது அதன் வணிக வழக்கு. ஏறத்தாழ 400 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குள் உருகிவிடுவதால் நுண்ணிய உருவங்களையும் விரைவாக வார்க்க இது ஏற்றது. அச்சைச் செய்வதற்கே பெருஞ்செலவு ஆகும். அச்சு அமைந்துவிட்டால் ஒரே உருவைப் பல இலட்சம் முறை வார்க்கலாம். ஆகவே, மிகப் பலர் விரும்பும் உருவைத் தேர்ந்தெடுப்பதே இத்தொழிலின் உயிர்நாடி ஆயிற்று.

லிவர்ப்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1934இல் ‘டிங்கி’ என்னும் பெயரை வழங்கத் தொடங்கியது. இலண்டனில் 1947இல் தோன்றிய லெஸ்னி நிறுவனம் 1953 முதல் தீப்பெட்டி அளவிலான ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசையை வெளியிட்டது. மூன்றாவது பெயரான ‘கோர்கி’யின் பின்னணி குறிப்பிடத்தக்கது. செருமனியின் நூரம்பெர்க்கில் தகரப் பொம்மைத் தொழில் நடத்திய யூதரான பிலிப் உல்மன், நாசி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்துக்குப் பெயர்ந்து, 1933இல் நார்த்தாம்ப்டனில் ‘மெட்டாய்’ நிறுவனத்தை அமைத்தார். அந்நிறுவனம் வேல்சிலுள்ள சுவான்சி ஆலையில் 1956 முதல் கோர்கி வரிசையைத் தயாரித்தது. புலம்பெயர்ந்த ஒருவரின் கைத்திறன் புதிய மண்ணில் வேரூன்றிய வரலாறு இது.

திரையும் பொம்மையும் முழுமையாக இணைந்த ஆண்டு 1965 எனலாம். 1964இல் வெளிவந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டு ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 மகிழுந்தை, 1965 அக்டோபரில் கோர்கி தன் 261ஆம் எண் பொம்மையாக வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து இருக்கையில் இருப்பவர் வெளியே எறியப்படுவார். முன்புறம் துப்பாக்கிகள் நீளும். பின்புறம் குண்டு துளைக்காத் தகடு எழும். படத்தில் மகிழுந்து வெள்ளி நிறம், பொம்மையோ பொன்னிறம். வெள்ளி வண்ணம் பூசினால் வண்ணம் பூசாத வெற்று உலோகம் போலத் தோன்றும் என்பதே இம்மாற்றத்திற்குக் கூறப்படும் காரணம். அவ்வாண்டின் சிறந்த பொம்மைக்கான விருதை இங்கிலாந்தில் அது பெற்றது, இலட்சக்கணக்கில் விற்றது.

அதனைத் தொடர்ந்து 1966இல் பேட்மேனின் ஊர்தியும், 1968இல் ‘சிட்டி சிட்டி பேங் பேங்’ படத்தின் பறக்கும் மகிழுந்தும், 1977இல் ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தின் நீர்மூழ்கும் லோட்டசும் பொம்மைகளாயின. பாண்டு கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங்கே ‘சிட்டி சிட்டி பேங் பேங்’ சிறுவர் கதையையும் எழுதியவர். ஒரே எழுத்தாளரின் இரு கற்பனைகளும் ஒரே ஆலையின் அச்சில் வார்ப்பாயின. ஒரு படத்தின் திரையோட்டம் சில வாரங்களில் முடிந்துவிடும். பொம்மை வீட்டிலேயே இருந்து அப்படத்தை நாள்தோறும் நினைவூட்டும். தொலைக்காட்சி மறுஒளிபரப்பும் ஒளிநாடாவும் பரவாத காலத்தில், பார்த்த படத்தைத் திரும்ப ‘ஓட்டிப் பார்க்க’ ஒரு குழந்தைக்கு இருந்த வழி இதுவே. இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்தோர் இவற்றைத் தேடிச் சேகரிப்பதன் காரணம் இங்கேதான் அமைந்துள்ளது.

3. ரஹாங் வட்டாரத் தோட்டங்களும் எட்டாத பொம்மையும்

சுங்கை ஊஜோங் என்று முன்னர் வழங்கிய சிரம்பான் பகுதி, ஈயச் சுரங்கத்தால் வளர்ந்து, பின்னர் காப்பித் தோட்டங்களையும் ரப்பர்த் தோட்டங்களையும் கண்டது. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் இருப்புப்பாதை இவ்விளைபொருள்களைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றது. ரப்பரின் தேவை மகிழுந்துத் தொழிலோடு உயர்ந்தது. டயர் செய்யும் டன்லப் நிறுவனமே 1910 முதல் மலாயாவில் தனக்கெனத் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. தமிழகத்திலிருந்து ஒப்பந்த முறையிலும், அதனினும் மிகுதியாகக் கங்காணி முறையிலும் வந்த தமிழர் இத்தோட்டங்களில் பால்மரம் வெட்டினர். மகிழுந்து என்னும் ஊர்தி உலகில் ஓடுவதற்கு இவர்கள் விடியுமுன் எழுந்து மங்கில் சேர்த்த பாலும் ஒரு காரணம். போருக்கு முந்தைய டிங்கி பொம்மைகளின் சக்கரங்களிலும் உண்மையான ரப்பர் டயர்களே பொருத்தப்பட்டிருந்தன. அக்காலத்தில் உலகுக்கு ரப்பர் அளித்த முதன்மை நாடுகளுள் மலாயா ஒன்று என்பதை எண்ணும்போது, லிவர்ப்பூல் குழந்தையின் கைப்பொம்மையில் மலாயாத் தோட்டத்தின் பால் கலந்திருத்தல் இயல்பே.

அந்தப் பொம்மை தோட்டத்து லயங்களுக்குத் திரும்பி வந்ததா என்பது அடுத்த வினா. 1965இல் கோர்கி ஆஸ்டன் மார்ட்டினின் இங்கிலாந்து விலை ஏறத்தாழ 10 ஷில்லிங். ஒரு மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்சுக்கு இணையாக இருந்த காலம் அது. கப்பற்கூலியையும் கடைக்காரரின் ஆதாயத்தையும் சேர்க்காமலே 4 வெள்ளிக்கு மேல் வருகின்றது. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகை இது. தோட்டக் கடையில் அரிசிக்கும் உப்புக்கும் கடன் வைத்து வாழ்ந்த குடும்பம் அதனைப் பொம்மைக்குச் செலவிட்டிருக்க வழியில்லை. இத்தகைய பொம்மைகள் துரைமார் பங்களாக்களுக்கும் நகரத்து வசதியுள்ள இல்லங்களுக்கும் உரியவையாகவே இருந்தன. பட்டினப்பாலையின் செல்வச் சிறுவரும் மண்தேருக்கு அழுத பிள்ளையும் இங்கும் எதிரெதிரே நிற்கின்றனர்.

ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊர்தி இல்லாமல் இல்லை. பால்டின், சார்டின் டின் ஆகியவற்றைத் தட்டி நிமிர்த்தி உடலாக்குவர், புட்டி மூடிகள் சக்கரங்களாகும், குச்சி அச்சாணியாகும். பழைய மிதிவண்டிச் சக்கரத்தைக் கோலால் உருட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஓடுவர். ரப்பர் விதைகளே பந்தயப் பொருள். தோட்டத்துப் பேச்சில் மகிழுந்துக்கு வழங்கிய பெயர் ‘காடி’. டின்னில் செய்ததும் ‘காடி’யே, துரை ஓட்டியதும் ‘காடி’யே. நடை பழகும் குழந்தைக்குத் தச்சர் செய்து தரும் மூன்று சக்கர நடைவண்டி, சங்க காலத்து முக்காற் சிறுதேரின் நேர் வழித்தோன்றலாகத் தோட்டத்திலும் உருண்டது.

திரைப்படமும் தோட்டத்தை அடைந்தது. திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட தமிழ்ப் படங்களைக் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் பார்த்த நினைவு மூத்த தலைமுறையினரிடம் இன்றும் உள்ளது. இங்கு ஓர் ஒப்பீட்டைச் செய்தல் தகும். ஆங்கிலத் திரையின் புகழ்பெற்ற ஊர்தி, அரசின் ஒற்றரோ பெருஞ்செல்வரோ ஓட்டுவது. அதில் மறைந்திருக்கும் கருவிகளே அதன் கவர்ச்சி. தமிழ்த் திரையில் மக்கள் மனத்தில் நிலைத்த ஊர்திகள் வேறு வகையின. 1971இல் எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த ‘ரிக்‌ஷாக்கார’னின் ரிக்‌ஷாவும், 1995இல் வெளிவந்த ‘பாட்சா’வில் ரசினிகாந்து ஓட்டிய தானியும் உழைப்பாளியின் ஊர்திகள். நாயகன் அவற்றில் ஏறி மகிழ்பவனல்லன். பிறரை ஏற்றிப் பிழைப்பவன். அனுமதி பெற்ற வார்ப்பு வரிசைகளோ ஆங்கிலத் திரையைச் சுற்றியே அமைந்தன. ஆகவே தோட்டத்துச் சிறுவனின் திரை நினைவுக்குக் கடையில் விற்கும் சிற்றுரு வாய்க்கவில்லை. தன் கையால் செய்த டின் காடியையே அவன் அந்நினைவுக்கும் உருவாக்கிக்கொண்டான்.

4. ஹாக்னியிலிருந்து பிறைக்கு

1968இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ‘ஹாட் வீல்ஸ்’ வரிசையை 16 உருக்களுடன் தொடங்கியது. மெல்லிய அச்சாணியில் விரைந்தோடும் சக்கரங்களைக் கொண்ட அவை, ஆங்கில நிறுவனங்களின் சந்தையை உலுக்கின. லெஸ்னி 1969இல் தன் சக்கரங்களை மாற்றி ஈடுகொடுக்க முயன்றது. ஆனால் உற்பத்திச் செலவு உயர, விற்பனை தாழ, ஒவ்வோர் ஆலையாக மூடப்பட்டது. லிவர்ப்பூலின் மெக்கானோ ஆலை 1979இல் மூடப்பட்டது. கிழக்கு இலண்டனின் ஹாக்னி பகுதியில் பெரும்பாலும் பெண்களை வேலைக்கு அமர்த்தியிருந்த லெஸ்னி 1982இல் நொடித்தது. மேட்ச்பாக்ஸ் பெயரை ஹாங்காங்கின் யுனிவர்சல் குழுமம் வாங்கி, உற்பத்தியை மக்காவுக்குக் கொண்டு சென்றது. 1983இல் மெட்டாயும் வீழ்ந்தது. 1997இல் மேட்ச்பாக்ஸ் பெயரும் மேட்டல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

இதே காலத்தில் மலேசியாவின் பொருளாதாரமும் திசை மாறியது. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கையும் தடையற்ற வாணிக வளாகங்களுக்கான சட்டமும் நடைமுறைக்கு வந்தன. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் முதல் வளாகம் அமைந்தது. பெருநிலத்தில் பிறைப் பகுதியும் தொழிற்பேட்டையாயிற்று. ஹாட் வீல்ஸ் வரிசையை வார்க்கும் ஆலையை மேட்டல் 1980களின் தொடக்கத்தில் பிறையில் இயக்கத் தொடங்கியது. அப்பொம்மைகளின் அடியில் அதுவரை பெரும்பாலும் காணப்பட்ட ‘ஹாங்காங்’ என்னும் ஊர்ப்பெயர் மறைந்து, ‘மலேசியா’ என்னும் பெயர் தோன்றியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகக் குழந்தைகளின் கைகளில் உருளும் எண்ணற்ற சிறு மகிழுந்துகள் பிறையில் வார்க்கப்பட்டவை. பேட்மேனின் 1966ஆம் ஆண்டு ஊர்தியின் உருவும், ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தின் டிலோரியன் உருவும் ‘மலேசியா’ என்னும் முத்திரையோடு வெளிவந்துள்ளன.

பிறை என்னும் இடப்பெயர் தமிழர் வரலாற்றுக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் அன்றைய வெல்லெசுலி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்கே மலாயாவின் முதல் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கரும்பு நின்று ரப்பர் வந்தது. ரப்பர் நின்று ஆலைகள் எழுந்தன. ஒரே நிலப்பகுதி சருக்கரை, ரப்பர், பொம்மை என்னும் மூன்று ஏற்றுமதிப் பொருள்களை அடுத்தடுத்து உலகுக்குத் தந்துள்ளது.

சிரம்பானிலும் இம்மாற்றத்தின் மறுபாதியைக் காண்கின்றோம். 1950களிலும் 1960களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன. அதற்கு எதிராகத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி கட்டாயமாகவே, ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரின் பிள்ளைகள் பால்வாளியை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். ரஹாங் வட்டாரத்தினர்க்கு அப்பேருந்து சென்று நின்ற இடம் செனவாங் தொழிற்பேட்டை. வடக்கே உள்ளோர்க்குப் பிறையும் பாயான் லெப்பாசும். செனவாங்கில் மின்னணுப் பொருள், பிறையில் பொம்மை. பணியின் இயல்பு ஒன்றே: குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கையை முடித்தல். பால்வெட்டில் மரக் கணக்கு. ஆலையில் உருப்படிக் கணக்கு.

5. அடித்தட்டைப் படிக்கும் முறை

வார்ப்பு மகிழுந்தின் உடலும் அடித்தட்டும் தனித்தனியே செய்யப்பட்டுத் தறையாணியால் இணைக்கப்படுகின்றன. அடித்தட்டில் நிறுவனத்தின் பெயர், உருவின் பெயர், ஆண்டு, செய்யப்பட்ட நாடு ஆகியவை புடைப்பெழுத்தில் அமைகின்றன. இதனைக் கல்வெட்டியலார் நோக்கில் அணுகினால் மூன்று செய்திகள் புலனாகும்.

முதலாவது, காலக் கணிப்பு. அடித்தட்டில் உள்ள ஆண்டு பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அன்று. அவ்வுருவுக்கு உரிமை பெற்ற ஆண்டு. 1982 எனப் பொறித்த உரு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே அச்சில் வார்க்கப்படலாம். பழைய சாசனத்தைப் பிற்காலத்தில் படியெடுத்து வெட்டிய கல்வெட்டில் மூல ஆண்டு மட்டும் இருப்பதை இது ஒக்கும். எழுத்தமைதியைக் கொண்டு நாம் கல்வெட்டின் காலத்தைத் துணிவது போல, சக்கர வகை, வண்ணம், நாட்டுப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு சேகரிப்பாளர் பொம்மையின் காலத்தைத் துணிகின்றனர். 2008 முதல் ஹாட் வீல்ஸ் அடித்தட்டுகளில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் அச்சிடப்படுகின்றன. எழுத்து ஆண்டையும் (ஆங்கில அகரவரிசையின் முதலெழுத்து 2008), இலக்கம் அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும்.

இரண்டாவது, பெயரழிப்பு. இங்கிலாந்தில் பயன்பட்டு ஓய்ந்த டிங்கி அச்சுகள் சில 1960களில் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கு ‘டிங்கி’ என்னும் பெயர் அச்சிலிருந்து நீக்கப்பட்டு ‘நிக்கி’ என மாற்றப்பட்டது. முன்னவர் பெயரைச் செதுக்கி நீக்கிப் பின்னவர் பெயரை வெட்டிய கல்வெட்டுகளை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. உரு அதுவே, உரிமையும் ஊரும் வேறு.

மூன்றாவது, விடுபட்ட பெயர். செப்பேட்டில் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் மட்டுமன்றி, எழுதிய ஆசாரியின் பெயரும் பல வேளைகளில் காணப்படும். பொம்மையின் அடித்தட்டில் உரிமையாளர் உண்டு, நாடு உண்டு, வாரம்கூட உண்டு. வார்த்தவர், வண்ணம் பூசியவர், தறையாணி அடித்தவர் எவரும் இல்லர். பிறையின் ஆலைகளில் மலாய், சீன, தமிழ்ப் பெண்களும், பின்னாளில் அயல்நாட்டுத் தொழிலாளரும் பணியாற்றினர். அவர்கள் அனைவருக்குமாக அங்கு இருப்பது ‘மலேசியா’ என்னும் ஒரு சொல்லே.

6. சேகரிப்பும் மதிப்பும்

சேகரிப்பாளர் உலகில் பொம்மையின் விலையை நிலைப்பதில் நிலை, அரிய நிறம், பெட்டி ஆகியவை முதன்மை பெறுகின்றன. கோர்கி ஆஸ்டன் மார்ட்டினுக்குப் பெட்டியும், உள்ளிருந்த இரகசியக் குறிப்புத்தாளும், எறியப்படும் சிறு மனித உருவும் இருந்தால் விலை பன்மடங்காகும். அட்டை பிரிக்காத ஹாட் வீல்ஸ், பிரித்து விளையாடப்பட்டதைவிட உயர்வாக மதிக்கப்படுகின்றது. குழந்தையின் கை படாத பொம்மைக்கே மதிப்பு மிகுதி என்னும் இந்நிலை, கையால் இழுத்து இன்புறுதலைப் போற்றிய குறுந்தொகைச் சிந்தனைக்கு நேர்மாறானது.

பேணுதலிலும் நம் மண்ணுக்குரிய சிக்கல்கள் உள்ளன. பழைய வார்ப்புகளில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், துத்தநாகக் கலவை உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். ஈரப்பதம் இதனை விரைவுபடுத்தும். இயற்கை ரப்பர் டயர்கள் காலப்போக்கில் இறுகி விரிசல் காணும். அட்டைப் பெட்டியைக் கரையானும் பூஞ்சணமும் அழிக்கும். ஆகவே ஈரம் உறிஞ்சும் பொதிகளோடு மூடிய கண்ணாடிப் பேழைகளில் வைத்தலும், நேர்வெயில் படாமல் காத்தலும் இன்றியமையாதன.

இவ்வளவு கவனத்துடன் பேணப்படுவது எது, பேணப்படாமல் போனது எது என்று நாம் கேட்க வேண்டும். அண்டை நாடான சிங்கப்பூரில் 2007இல் ‘மின்ட்’ என்னும் பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழம்பொம்மைகள் அங்குத் தளம் தளமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தோட்டத்துச் சிறுவனின் டின் காடிக்கு அத்தகைய பேழை வாய்க்கவில்லை. அது செய்யப்பட்ட அன்றே தேய்ந்தது, துருப்பிடித்தது, லயத்தோடு மண்ணாயிற்று. சிரம்பானைச் சூழ்ந்த தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பால்வெட்டுக் கத்தி, மங்கு, வாளி, காண்டா ஆகியவற்றோடு அக்கைவினையும் மறைந்தது. தொழிற்சாலைப் பொம்மை இலட்சக்கணக்கில் வார்க்கப்பட்டதால் எங்கேனும் ஒன்று எஞ்சுகின்றது. கையால் செய்தது ஒன்றே ஒன்றாகப் பிறந்ததால் முற்றிலும் அழிகின்றது. மதிப்பிடுவோர் அரியது எனக் கொள்ள வேண்டியது உண்மையில் பின்னதையே.

முடிவுரை

திரைப்பட ஊர்திகளின் வார்ப்புப் பொம்மைகள் மேற்புறத்தில் திரையின் நினைவையும் அடிப்புறத்தில் உழைப்பின் இடமாற்றத்தையும் தாங்கியுள்ளன. இங்கிலாந்து, மக்காவ், ஹாங்காங், மலேசியா என அடித்தட்டில் மாறிவந்த பெயர்கள், தொழில் எங்கெங்கு மூடப்பட்டு எங்கெங்குத் திறக்கப்பட்டது என்பதற்கான நேர்ச் சான்றுகள். மலாயாவின் ரப்பர் மகிழுந்தை ஓடச்செய்த காலத்திலும், மலேசியாவின் ஆலை பொம்மை மகிழுந்தை வார்க்கும் காலத்திலும் அவ்வரலாற்றுள் தமிழ்த் தொழிலாளர் இருந்துள்ளனர். முதற்காலத்தைப் பற்றி நம்மிடம் ஆய்வுகள் பல உள்ளன. இரண்டாங்காலம் இன்னும் வாய்மொழியாகவே நிற்கின்றது.

ஆகவே இரண்டு பணிகள் உடனடியாகச் செய்யத்தக்கவை. பிறை, பாயான் லெப்பாஸ், செனவாங் ஆகிய தொழிற்பேட்டைகளில் 1970களிலும் 1980களிலும் பணியில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் இன்று ஓய்வுபெற்ற முதியோர். அவர்களின் பணி நினைவுகளைத் துறை மாணவர்கள் ஒலிப்பதிவு செய்து ஆவணப்படுத்த வேண்டும். தோட்டத் தலைமுறையின் விளையாட்டுப் பொருள்களைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர் வழி மீட்கலாம். பாட்டனாரிடம் கேட்டு ஒரு டின் காடியைச் செய்து, செய்முறையையும் உறுப்புகளின் பெயர்களையும் எழுதிவரும் பயிற்சி ஒரு பருவத்திற்குள் முடியக்கூடியது. உறுப்புகளுக்கு அவர் வழங்கும் சொற்கள் மலேசியத் தமிழ் வழக்குச் சொல் தொகுப்புக்கும் பயன்படும். அவ்வாறு செய்யப்படும் காடியின் அடியில் செய்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஆணியால் கீறி வைக்கும்படி மாணவரிடம் சொல்லுதல் நலம்.